பெரியப்பா வீட்டுப் பச்சைக் கோடு

ரொட்டி சுடுகிற மனுஷனுக்கு ஆசிலோஸ்கோப் எதற்கு? சத்தத்தைத் திரையில் கோடாக வரைந்து காட்டுகிற பெட்டி அது. ஆம்ப்ளிஃபயர் ரிப்பேர் செய்கிற என் மேஜையில் இருக்க வேண்டியது. பேக்கரி வைத்திருக்கும் என் சகலையின் சாப்பாட்டு மேஜையில் ஜம்மென்று உட்கார்ந்திருந்தது.

பழைய சாமான் கடையில் அதை முதலில் தொட்டவன் நான்தான். திரையில் ஒன்றும் வரவில்லை. "செத்த டப்பா, சகலை. விடுங்க" என்று பெரிய மேதாவி மாதிரி சொன்னேன். "பார்க்க அழகா இருக்கே" என்று அவர் தூக்கிக்கொண்டு போனார். வீட்டில் வெளிச்சக் குமிழைத் திருகியிருக்கிறார், பச்சைக் கோடு பளிச்சென்று வந்துவிட்டது. யாரோ குறைத்து வைத்திருந்திருக்கிறார்கள், அவ்வளவுதான். அன்றைக்குப் பிடித்த வயிற்றெரிச்சல் எனக்கு.

தொழிலுக்கு வைத்திருந்தாலாவது பொறுத்திருப்பேன். மனுஷன் அதை வைத்து விளையாடினார். மைக்கை மாட்டி விசிலடித்தார். பாட்டைப் போட்டு வட்டமும் முடிச்சுமாகப் படம் வரைய வைத்தார். குடும்பத்தில் ஒவ்வொருவரையும் "ஆ" சொல்லச் சொல்லி, அந்த அலையைப் போட்டோ எடுத்து ஃப்ரிட்ஜ் கதவில் ஒட்டினார். என் மனைவியின் "ஆ"கூட அங்கே இருக்கிறது. என்னைக் கேட்டபோது தொண்டை சரியில்லை என்று சொல்லிவிட்டேன்.

அதெல்லாம் போகட்டும். என் மகளை அல்லவா இழுத்துக்கொண்டார்! முன்பெல்லாம் பள்ளிக்கூடம் விட்டதும் நேரே என் பட்டறைக்கு வந்து, ஸ்டூலில் ஏறி உட்கார்ந்து, கழற்றிப் போட்ட ஸ்க்ரூவையெல்லாம் அளவு பார்த்துப் பிரிப்பாள். அந்தப் பெட்டி வந்த பிறகு பையை வாசலிலேயே எறிந்துவிட்டு, "பெரியப்பா வீட்டுக்குப் போறேன்பா" என்று பறந்தாள். ஸ்டூலில் தூசி படிந்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர் வீட்டில் சாப்பாடு. எல்லோரும் கை கழுவப் போன நேரம் பார்த்து, மைக் மாட்டுகிற இடத்துக்குப் பக்கத்திலிருந்த சின்ன சுவிட்சை நடுவில் தள்ளிவிட்டேன். அது நடுவில் நின்றால் கோடு வரும், சத்தம் மட்டும் உள்ளே போகாது.

சகலை பாடினார், கத்தினார், இருமினார். கோடு படுத்த படுக்கைதான்.

"கோடு வருது, ஆட மாட்டேங்குதே. நீங்கதான் பாக்கணும், சகலை" என்று பெட்டியை என் வண்டியிலேயே ஏற்றிவிட்டார். "அப்பா சரி பண்ணிடுவார்" என்றாள் மகள். நான் முகத்தை உம்மென்று வைத்துக்கொண்டு, "பெரிய வேலை. நாளாகும்" என்றேன்.

மறுநாளே ஸ்டூலுக்கு ஆள் வந்துவிட்டது. நான் மூடியைக் கழற்றுவேன், ஊதுவேன், திரும்ப மாட்டுவேன். அவள் ஸ்க்ரூவைக் கையில் வைத்துக்கொண்டு வகுப்பு வம்பையெல்லாம் சொல்வாள். இந்தப் பெட்டி ஆயுசுக்கும் சரியாகக் கூடாது என்று வேண்டிக்கொண்டேன்.

நேற்று கேட்டாள். "அப்பா, இன்னும் எத்தனை தடவை இதைக் கழட்டப் போறீங்க?"

"சிக்கலான ஃபால்ட்டுமா."

"சுவிட்ச் நடுவுல இருக்குப்பா."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. "உனக்கு எப்படித் தெரியும்?"

"பெரியப்பா அன்னிக்கே பாத்துட்டார். நீங்க வண்டி எடுக்கப் போனப்ப சொன்னார். 'தொடாதம்மா, அப்படியே குடுத்து அனுப்பலாம். நீ இல்லாம அப்பா ஏங்கிப் போயிட்டார்போல. கொஞ்ச நாள் அவர் பக்கத்துல போய் உக்காரு'ன்னார்."

பாவி மனுஷன்! நான் திருடிக்கொண்டு வந்ததாக நினைத்ததையும் அவர்தான் கொடுத்து அனுப்பினாரா? நல்லவனாக இருப்பதில்கூடவா என்னை முந்த வேண்டும்? எரிந்துகொண்டிருந்த வயிறு இன்னும் கொஞ்சம் எரிந்தது.

மகள் சுவிட்சைத் தள்ளினாள். மைக்கை என் வாய்க்கு நேரே நீட்டினாள்.

"ஃப்ரிட்ஜ்ல உங்களுக்குன்னு இடம் விட்டு வெச்சிருக்கார். ஆ சொல்லுங்கப்பா."

வாயைத் திறந்தேன். கோடு அசையவில்லை. இந்தத் தடவை சுவிட்ச் சரியாகத்தான் இருந்தது.