குடையக்காவைத் தேடுகிறேன்

லென்ஸ் தேய்க்கிறவளுக்குப் பொறுமை எவ்வளவு இருக்கும் என்று நினைக்கிறீர்கள்? ஃபிரேமின் வளைவைப் பார்த்து, லென்ஸின் ஓரத்தை மெஷினில் கொடுத்துத் தேய்த்து, நுனிவிரலால் தடவி, மறுபடி தேய்த்துப் பொருத்த வேண்டும். கொஞ்சம் கூடுதலாகத் தேய்ந்துவிட்டால் லென்ஸ் குப்பைக்கு. ஒரு கண்ணாடிக் கடையின் பின்னறையில் கல்யாணத்துக்கு முன்பிருந்தே இந்த வேலையைச் செய்துவருகிறவள், அந்த ஞாயிற்றுக்கிழமை தன் சொந்த பாஸ்வேர்டோடு மல்லுக்கட்டி, தோற்று, போனைச் சோபாவில் விட்டெறிந்தாள்.

உடைந்தால் தான் பொறுப்பில்லை என்றார் கணவர். பஸ் டிரைவராக இருந்தவர். முதுகில் ஆபரேஷன் ஆன பிறகு ஸ்டியரிங்கைத் தொடக்கூடாது என்று சொல்லிவிட்டதால், இப்போது டிப்போவில் உட்கார்ந்து வண்டிகளை அனுப்பிக்கொண்டிருக்கிறார். ஞாயிற்றுக்கிழமை முழுக்க அவருக்கு வேர்க்கடலை உரிப்பதிலேயே போய்விடும்.

அவள் திறக்கப் பார்த்தது ஒரு வீடியோ கேமை. நாற்பதைத் தாண்டியவளுக்கு இது எதற்கு என்று கேட்கிறவர்கள் கேட்டுக்கொள்ளட்டும். நான்கு வருஷத்துக்கு முன்பு வரை அதுதான் அவளுக்குப் பிறந்த வீடு மாதிரி. கடையிலிருந்து வந்து, குக்கரில் அரிசியைப் போட்டுவிட்டு, அது சத்தம் போடுவதற்குள் ஒரு எட்டு போய்ப் பார்த்துவிட்டு வருவாள்.

அந்த விளையாட்டைச் செய்த புண்ணியவான்கள் புதிதாக வருகிறவர்களை ஒரு மேட்டில் கொண்டுவந்து இறக்குவார்கள். அங்கே எந்நேரமும் மழை. நனைய நனைய உயிர் குறையும். ஆற்றுப் பாலத்தைத் தாண்டினால்தான் ஊர், வீடு, நெருப்பு எல்லாம். முக்கால்வாசிப் பேர் பாதி வழியிலேயே விழுந்து செத்து, திட்டிக்கொண்டே வெளியேறிவிடுவார்கள். இவளும் விழுந்தாள். ஆனால் வீம்பு பிடித்தவள். நாலைந்து தடவை செத்துச் செத்துப் பிழைத்து ஊர் போய்ச் சேர்ந்ததும், முதல் வேலையாகக் குடை செய்யக் கற்றுக்கொண்டாள். கற்றுக்கொண்டு, வந்த வழியே மேட்டுக்குத் திரும்பிப் போனாள். நனைந்துகொண்டு நின்ற ஒருவன் காலடியில் குடையைப் போட்டு, "நனையாதே, பிடி," என்று எழுதினாள்.

குடை வாங்கினவன் அடுத்தவனுக்குக் கொடுத்தான். அவன் இன்னொருவனுக்கு. கொஞ்ச நாளில் அது அங்கே விளையாடுகிற கூட்டத்தின் வழக்கமாகவே ஆகிவிட்டது. மழைமேட்டில் யார் வந்து இறங்கினாலும் ஒரு குடை நிச்சயம். இவளுக்குக் குடையக்கா என்று பெயர் வந்தது. சொந்தத் தம்பி தங்கை இல்லாமல் ஒற்றையாய் வளர்ந்தவள். அக்கா என்று யாராவது கூப்பிட மாட்டார்களா என்று உள்ளுக்குள் ஒரு ஏக்கம் கிடந்ததை அப்போதுதான் கண்டுகொண்டாள்.

அவளிடம் முதன்முதலில் குடை வாங்கியவன் வாத்து. அதுதான் அவன் அங்கே வைத்துக்கொண்ட பெயர். எங்கோ ஒரு ஊரில், எரிந்துபோன மோட்டார்களுக்குச் செம்புக் கம்பிக் காயில் சுற்றுகிறவன். கூடப் பிறந்தவர்கள் யாரும் இல்லை என்பதும் தெரியும். அதற்கு மேல் அவனும் சொல்லவில்லை, இவளும் கேட்கவில்லை. வீட்டுக் கஷ்டத்தை அங்கே யாரும் கொண்டுவருவதில்லை. உட்காருவதற்கு முன் ஒரு சுற்றுச் சுற்றிவிட்டுத்தான் அவன் உட்காருவான். ஏன்டா இப்படி என்றால், இடம் சூடாகட்டும் என்பான். இரண்டு பேரும் பாலத்தின் நடுவில் உட்கார்ந்து, வருகிற போகிறவர்களை வம்புக்கு இழுத்துக்கொண்டு, மணிக்கணக்கில் வெட்டிப் பேச்சுப் பேசியிருக்கிறார்கள். ஒரு காரியத்துக்கும் உதவாத அந்தப் பேச்சுக்குத்தான் அவள் இந்த நான்கு வருஷமும் ஏங்கிப்போயிருந்தாள்.

பாஸ்வேர்டு பிடி கொடுக்கவில்லை. அதைச் சேமித்து வைத்திருந்த பழைய கம்ப்யூட்டர் கொழுந்தனார் வீட்டுக்குப் போய், அங்கிருந்து காயலான் கடைக்கும் போய்விட்டது. சரி, புதிதாகவே போவோம் என்று வேறு கணக்குத் திறந்தாள். மழைமேட்டில் வந்து இறங்கினாள். அதே மழை. அதே சத்தம். யாராவது வந்து ஒரு குடை போடுவார்கள், வாங்கிக்கொண்டு, நான் யார் தெரியுமா என்று சொல்ல வேண்டும். மனசுக்குள் ஒத்திகை பார்த்துக்கொண்டே நின்றாள்.

வந்தார்கள். ஒரு கும்பலாக வந்தார்கள். அதில் வாத்தும் இருந்தான். பார்த்ததும் தலைகால் புரியவில்லை அவளுக்கு. ஒத்திகை பார்த்ததெல்லாம் மறந்து, "வாத்து, நான்தான்டா குடையக்கா," என்று எழுதிவிட்டாள்.

கும்பல் சிரித்தது. அடுத்த அக்கா வந்தாச்சு, அடுத்த அக்கா வந்தாச்சு என்று ஆளாளுக்கு எழுதினார்கள். வாத்து மட்டும் சிரிக்கவில்லை. அவளுக்கு எதிரே வந்து நின்றான்.

"நனையாதீங்கக்கா, பிடிங்க."

ஒரு குடை விழுந்தது. பிறகு பத்து. கும்பல் முழுக்கக் குடைகளைக் கொட்ட ஆரம்பித்தது. கால் மறைந்து, இடுப்பு மறைந்து, தலையும் மறைந்தது. அவ்வளவு சாமானையும் ஒரே இடத்தில் தாங்க முடியாமல் போன் சூடாகி அப்படியே நின்றுவிட்டது. திரும்ப உள்ளே போகப் பார்த்தபோது, போலி ஆள் என்று பலர் புகார் கொடுத்ததால் உங்கள் கணக்கு முடக்கப்பட்டது என்று வந்தது. அவள் அடுப்படிக்குப் போய், குழாயைத் திறந்து விட்டுக்கொண்டு அழுதாள். தண்ணீர் வீணாகிறதே என்று குரல் கொடுக்க வந்த கணவர், பார்த்துவிட்டு வந்த வழியே திரும்பிப் போனார்.

அடுத்த நாள் கடையில் மத்தியானச் சாப்பாட்டு வேளையில் அந்தக் கூட்டத்தின் இணையப் பக்கத்தைத் திறந்து படித்தாள். விளையாட்டை நடத்துகிறவர்கள் இடையில் பரிசு, பட்டம், வரிசை எண் என்று என்னவோ கொண்டுவந்திருக்கிறார்கள். அதுவரை மாமன் மச்சானாகப் பழகியவர்கள் வரிசை எண்ணுக்காக அடித்துக்கொண்டார்கள். நல்லவர்கள் ஒவ்வொருவராகக் கழன்றுகொண்டார்கள். மிச்சமிருந்தவர்களுக்குப் பழி போட ஆள் வேண்டுமே, புதிதாக வருகிறவன் அகப்பட்டான். இவனுங்க வந்துதான் ஆட்டமே குட்டிச்சுவராச்சு என்று எவனோ எழுதப்போக, எல்லாரும் அதையே பிடித்துக்கொண்டார்கள். புதியவர்களைக் குடையால் மூடுவது, மூடுவதைப் படம் பிடித்துப் போடுவது, அதைப் பார்த்துச் சிரிப்பது. இதுதான் இப்போது அங்கே பொழுதுபோக்கு. அவள் ஆரம்பித்து வைத்த குடை!

பழைய பதிவுகளில் வாத்து எழுதியது கிடைத்தது. அவள் போன சில மாதத்தில் எழுதியிருக்கிறான். 'குடையக்காவைத் தேடுகிறேன்' என்று தலைப்பு. தெரிந்தவர்கள் அடையாளம் கண்டு சொல்லட்டும் என்று, பாவி, ஒன்று விடாமல் எழுதியிருந்தான். கண்ணாடிக் கடையில் வேலை. கணவர் பஸ் ஓட்டுகிறவர். என்ன சொன்னாலும் 'சரி சரி' என்று இரண்டு தடவை எழுதுவார். கரடி என்றால் பயம். முதலில் என்னிடம் சொன்ன வார்த்தை, நனையாதே, பிடி. பாலத்தில் அவர் உட்காரும் இடம். எனக்கு அவர் வைத்த பட்டப்பெயர்கள்.

கீழே வந்த பதில்களைப் படித்தபோதுதான் அவளுக்கு விஷயமே விளங்கியது. எவனோ ஒருவன் விளையாட்டாகப் புதுக் கணக்குத் திறந்து, நான்தான் குடையக்கா என்று போய் நின்றிருக்கிறான். எல்லா அடையாளமும்தான் எழுதி வைத்திருக்கிறதே! வாத்து நம்பிவிட்டான். விளையாட்டில் இருந்த தன் வீட்டையே எழுதிக் கொடுத்துவிட்டான். மறுநாள் அந்த வீட்டுக் கூரையில் ஏறி நின்று கும்பலே கைகொட்டியது. பிறகு இன்னொரு அக்கா. அதற்கப்புறம் இன்னொன்று. ஒவ்வொரு தடவையும், இது நிஜமாக இருந்துவிட்டால் என்று அவன் கொஞ்சம் நம்பியிருக்கிறான். காதில் பூச்சுற்றிச் சுற்றி அவனை ஒரு வழி பண்ணிவிட்டார்கள். ஒருநாள் அவனே குடையை எடுத்துப் போய்ப் புதியவன் ஒருவன் தலையில் கொட்டியிருக்கிறான். அதோடு கும்பல் அவனைத் தன்னோடு சேர்த்துக்கொண்டது.

அவள் அந்தப் பதிவை மறுபடி முதலிலிருந்து படித்தாள். எதைச் சொல்லி அவனை நம்பவைப்பது? எதைச் சொன்னாலும் அது அங்கே எழுதியிருந்தது. தான்தான் குடையக்கா என்று சொல்லிக்கொள்ள ஒரு துரும்பு மிச்சமில்லை.

ஒன்று மட்டும் அதில் இல்லை. கடைசி நாள்.

அன்றைக்கு அவள் ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்திருந்தாள். பஸ் கவிழ்ந்து, கணவர் உள்ளே கிடந்தார். போன் வழியாக ஒரு நிமிஷம் உள்ளே போய், வீட்டில் வேலை இருக்கிறது, கொஞ்ச நாள் வரமாட்டேன் என்று மட்டும் வாத்துக்கு எழுதினாள். ஏற்கெனவே பழைய ஆட்கள் சிலர் படிப்பு, வேலை என்று போய்க்கொண்டிருந்த சமயம். எல்லாரும் இப்படிச் சொல்லிவிட்டுத்தான் போகிறார்கள், போகிறவர்கள் போங்கள் என்று அவன் பொரிந்து தள்ளினான். அவள் முதலில் கொடுத்த குடையைப் பத்திரமாக வைத்திருந்தான். அதை எடுத்து, பாலத்தின் நடுவிலிருந்து ஆற்றில் வீசினான். அந்த ஆற்றில் போட்டது எதுவும் திரும்பி வராது. நர்ஸ் கூப்பிட்டார். பதில் சொல்லாமலே இவள் வெளியேறினாள்.

அதை அவன் எழுதவில்லை. வெட்கம். அத்தனையும் எழுதியவனுக்கு அதை எழுதக் கை வரவில்லை. அது புரிந்ததும் அவன்மேல் இருந்த கோபம் போன இடம் தெரியவில்லை.

ஆனால் அங்கே போய் அதை எப்படிச் சொல்வது? புதிதாக வருகிறவர்களுக்குத் தனியாகப் பேசும் வசதி கிடையாது. எழுதுவதெல்லாம் தலைக்கு மேலே எல்லாருக்கும் தெரியும். குடையை ஆற்றில் எறிந்தாயே என்று எழுதினால், நாளைக்கே வருகிற போலிகளும் அதைச் சொல்லுவார்கள். அதைச் சொல்லியே அந்தக் கும்பல் அவனை ஆயுசுக்கும் குத்திக்காட்டும். வாரம் முழுக்க லென்ஸைத் தேய்த்துக்கொண்டே யோசித்தாள். ஒரு லென்ஸ் குப்பைக்குப் போனது.

ஞாயிற்றுக்கிழமை கணவரின் புது போனைக் கேட்டாள். அவரே கணக்குத் திறந்து, அவரே பெயரும் வைத்தார். ரிவர்ஸ் கியர். இதைவிட நல்ல பெயர் கிடைக்கவில்லையா என்றாள். திரும்பிப் போகிறவளுக்கு வேறு என்ன பெயர் வைப்பது என்றார். பக்கத்திலேயே கடலைத் தட்டோடு உட்கார்ந்துகொண்டார்.

மேட்டில் இறங்கியதும் கும்பல் வந்தது. வாத்தும் வந்தான். குடைகள் விழ ஆரம்பித்தன. இந்தத் தடவை அவள் வாயே திறக்கவில்லை. விழுந்ததில் ஒன்றை எடுத்துக்கொண்டு, விரிக்காமல், நனைந்தபடியே நடக்கத் தொடங்கினாள். விடாமல் பின்னாலேயே வந்து கொட்டினார்கள். உயிர் குறைந்துகொண்டே வந்தது. பாலத்தின் நடுவில், முன்பு அவளும் வாத்தும் உட்காருகிற இடத்தில், நின்றாள். குடையை ஆற்றில் போட்டாள். அது சுழன்றுகொண்டே போய் மறைந்தது.

கொடுத்த குடையைத் தூக்கி ஆற்றில் போடுகிறது பார் லூசு என்று கும்பல் விழுந்து விழுந்து சிரித்தது. வாத்து கொட்டுவதை நிறுத்திவிட்டான். அசையாமல் நின்றான். பிறகு ஒரு சுற்றுச் சுற்றி, அங்கேயே உட்கார்ந்தான்.

என்னடா ஆச்சு என்று கேட்டுப் பார்த்தார்கள். அவன் எழுந்திருக்கவில்லை. சலித்துப்போய், மேட்டில் வேறு யாரோ வந்து இறங்கியிருப்பதாகச் சொல்லிக்கொண்டு அந்தப் பக்கம் ஓடினார்கள். பாலத்தில் இரண்டு பேர் மட்டும்.

"அன்னிக்கு உங்க மாமா ஆஸ்பத்திரியில இருந்தார்டா," என்று எழுதினாள். "சொல்லிட்டுப் போயிருக்கணும். சொல்லாமப் போயிட்டேன்."

வாத்து எழுதி எழுதி அழிக்கிறான் என்று தெரிந்தது. கடைசியில், மாமா இப்போது எப்படி இருக்கிறார் என்று வந்தது. பக்கத்தில்தான் இருக்கிறார், எனக்கு ஒன்று கொடுக்காமல் கடலையைத் தின்றுகொண்டிருக்கிறார் என்று எழுதினாள். கணவர் எட்டிப் பார்த்துவிட்டு, தட்டைக் கொஞ்சம் நகர்த்தி வைத்தார்.

மேட்டிலிருந்து கும்பலின் கூச்சல் எழுந்தது. யாரோ ஒருவன் குடைகளுக்குள் முழுகிக்கொண்டிருந்தான். வாத்து முகத்தை அந்தப் பக்கம் திருப்பிப் பார்த்தான்.

"அக்கா, ஒண்ணு கேக்கறேன். மறைக்காம சொல்லணும்."

"கேளு."

"இதுக்கு முன்னாடி வந்தீங்களா? ஒரு தடவையாவது?"

கணவர் கடலை உரிப்பதை நிறுத்தினார். அடுப்படிக் குழாய் அவருக்கும் ஞாபகம் வந்திருக்க வேண்டும். அவள் அவரைப் பார்க்கவில்லை. லென்ஸின் ஓரத்தை மெஷினில் கொடுக்கிற மாதிரி, நிதானமாக ஒவ்வொரு எழுத்தாகத் தொட்டாள்.

"இல்லடா. இன்னிக்குத்தான் வர்றேன்."

"நிஜமா?"

"நிஜமா."

"நல்லவேளைக்கா," என்று வந்தது. "நான் பயந்தே போயிட்டேன்."

அவள் அதைப் படித்துக்கொண்டே இருந்தாள். பிறகு, அங்கே ஒருத்தன் நனைகிறான் பார் என்று எழுதினாள். அவள் எழுதி முடிப்பதற்குள் வாத்து ஒரே ஒரு குடையோடு எழுந்து மேட்டை நோக்கி ஓட ஆரம்பித்திருந்தான்.