பதினெட்டு மீட்டர்

அண்ணி தேவசேனாவுக்கு அன்றைக்கு மத்தியானம் தலை வலித்தது. வேடிக்கை என்னவென்றால், புத்தூர் ரோட்டுச் சிறுபாலத்துக்கு அடியில் முதல் டப்பாவைக் கண்டுபிடித்தபோது வலிக்கவில்லை. வேப்பமரப் பொந்தில் இரண்டாவது கிடைத்தபோது சின்னப் பிள்ளை மாதிரிக் கைதட்டினாள். "நம்ம நிலத்துல நான் வச்ச டப்பாவையும் ஒரு எட்டு பாத்துட்டு வந்துடலாம் அண்ணி" என்று யாமினி சொன்ன பிறகுதான் வலி ஆரம்பித்தது.

திருப்பதியில் வேலை பார்க்கும் யாமினிக்கு ஜியோகேச்சிங் என்று ஒரு கிறுக்கு. யாரோ ஒருவர் ஒரு டப்பாவை எங்கேயாவது ஒளித்து வைத்து, அந்த இடத்தின் ஜிபிஎஸ் எண்ணை இணையத்தில் போடுவார். மற்றவர்கள் போனைப் பார்த்துக்கொண்டே நடந்து போய்க் கண்டுபிடித்து, உள்ளே இருக்கும் நோட்டில் பெயர் எழுதிவிட்டு, எடுத்த இடத்திலேயே வைத்துவிட வேண்டும். அவ்வளவுதான் ஆட்டம். வேலையற்ற வேலை என்று ஊரே சிரித்தது. சிரித்தால் சிரிக்கட்டும் என்று அவள் பாட்டுக்கு ஞாயிற்றுக்கிழமைகளில் காடு மேடெல்லாம் சுற்றினாள். இரண்டு வருஷத்துக்கு முன்னால் தன் நிலத்திலும் ஒன்றை வைத்தாள்.

தன் நிலம் என்று சும்மா சொல்லவில்லை. கல்யாணத்தின்போது அவளைப் பெற்ற நைனா மஞ்சள் குங்குமத்துக்கென்று அவள் பேரில் எழுதிக் கொடுத்த முக்கால் ஏக்கர். பெண்ணுக்கு அப்படிக் கொடுத்ததில் கூடப்பிறந்தவன் கை வைத்தால் அந்தப் பக்கத்தில் அவன் வீட்டில் யாரும் பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்கமாட்டார்கள். ஒட்டினாற்போல் அண்ணன் பரணியின் நிலம். நடுவில் எல்லையாக ஒரு சர்வே கல். அந்தக் கல்லடியில், ஒரு பலகைக்கல்லுக்குக் கீழேதான் டப்பா.

போய்ப் பார்த்தால் சர்வே கல் நின்றது. பலகைக்கல்லைக் காணோம். இன்னும் பதினெட்டு மீட்டர் போ என்றது போன், அண்ணன் புதிதாகப் போட்டிருந்த முள்வேலிக்கு உள்ளே.

"போனு தப்பா காட்டுது யாமினி. வெயில்ல சூடாயிருக்கும். வா போலாம், மண்டைய இடிக்குது."

"இப்பத்தான ரெண்டு டப்பாகிட்டயும் கரெக்டா கொண்டாந்து வுட்டுச்சு? இங்க மட்டும் அதுக்கு இன்னா வந்துச்சு?"

யாமினி வேலியைக் காலால் மிதித்துத் தாண்டினாள். முள் புடவையைக் கிழித்தது, அதைப் பார்க்கவில்லை. போன் சொன்ன இடத்தில் மண்ணைத் தள்ளினால் பலகைக்கல். அதற்குக் கீழே பச்சை மூடி போட்ட அவளுடைய டப்பா, வைத்தது வைத்தபடி. பக்கத்திலேயே ஒரு குழியைப் புது மண் போட்டு மூடிய அடையாளம். அங்கிருந்து அவள் நிலத்துப் பக்கமாக நாலு எட்டில் புது போர்வெல்.

யாமினி டப்பாவைக் கையில் எடுத்தாள். போன மாசம் இதே போரில் ஒன்றரை இஞ்சு தண்ணீர் வந்தது என்று அண்ணன் போன் பண்ணியபோது சாமிக்குத் தேங்காய் உடைத்தவள் அவள். தண்ணீர் தன் மண்ணில் இருக்கிறது என்று தெரிந்துகொண்டு, முதலில் கல்லை நகர்த்தி, அப்புறம் போர் போட்டு, அப்புறம் அவளுக்கே சந்தோஷச் செய்தி சொல்லியிருக்கிறான்! எப்படி மனசு வந்தது?

மோட்டார் கொட்டகையிலிருந்து பரணி வந்தான். தங்கை கையில் டப்பாவைப் பார்த்ததும் நடை தயங்கியது. குரல் தயங்கவில்லை.

"இன்னா இங்க நோண்டிகினு கீற?"

"கல்ல ஏண்ணா நகட்டின?"

"யாரு நகட்டினா? கல்லு எங்க கீதோ அதான் எல்லை. ஆட்டம் ஆடுற டப்பாவ காட்டி நெலம் கேக்கறியா?"

"கேட்டிருந்தா தண்ணி வேணாம்னா சொல்லியிருப்பேன்? ஒரு வார்த்த கேட்டியா?"

"நீ திருப்பதில ஏசி ரூம்ல குந்திகினு கீற. வெயில்ல சாவறது நானு. உன்ன இன்னாத்துக்கு கேக்கணும்? நான் நகட்டினத எவன் பாத்தான், கூப்புடு பாக்கலாம்!"

"நான் பாத்தேன்" என்றாள் தேவசேனா.

பரணி திரும்பினான். அவள் வேலிக்கு வெளியே, புடவைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு நின்றாள்.

"கல்லுக்கு சங்கிலி மாட்டினதே நான்தான மாமா. நீ டிராக்டர்ல குந்திகினு 'இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம்'னு இழுத்த."

"வாய மூடு தேவசேனா."

"ஒரு மாசமா மூடிகினுதான் இருந்தேன், சோறு எறங்கல. போன வருஷம் சத்தியவேட்டுல எங்கண்ணன் என் மஞ்சக்குங்கும நெலத்துல கல்ல நகட்டினான்னு பத்து பேர கூட்டிகினு போயி அவன் சட்டைய புடிச்சியே! 'கூடப்பொறந்தவ வயித்துல அடிக்கிறியே, நீயெல்லாம் மனுசனா'ன்னு ஊருக்கு நடுவுல கேட்டியே! எனக்காக ஒருத்தன் கேக்கறான்னு எனக்கு அன்னிக்கு எவ்ளோ பெருமையா இருந்துச்சு தெரியுமா? இப்ப உன்ன போயி யாரு கேக்கறது? எங்கண்ணன கூட்டியாரட்டா?"

  தேவசேனா கொட்டகைக்குப் போய்க் கடப்பாரையை எடுத்து வந்து பரணியின் காலடியில் போட்டாள்.

அவன் தரையைப் பார்த்துக்கொண்டே, "அப்போ போரு?" என்று முனகினான்.

"அத என்ன கேக்காத. அவ மண்ணு, அவ தண்ணி. அவள கேளு."

பரணி தங்கையை ஏறிட்டுப் பார்த்தான். நைனா செத்த அன்றைக்குப் பார்த்த மாதிரி இருந்தது அந்தப் பார்வை. ஆனாலும் யாமினிக்கு இரக்கம் வரவில்லை.

"மொதல்ல கல்ல பேத்தெடு" என்றாள்.