கொடுக்காத ஊசி

1
இந்தக் கதை ஒரு சண்டையில் பிறந்தது. போன வாரம் தொலைபேசியில் அக்காவிடம், "உன்னைப் பத்தி எழுதப்போறேன்" என்றேன். "எழுதிக்கோ. ஆனா என்னைத் தியாகியா மாத்துன, பல்லைப் பேத்துருவேன்" என்றாள். எழுபத்து மூன்று வயதில் இந்த வாய்.

அக்கா மருந்தியல் ஆய்வாளர். நரம்பு நஞ்சு மூளையை எப்படிக் கெடுக்கிறது, அதிலிருந்து மூளையை எப்படிக் காப்பது: இதுதான் அவளுடைய இருபத்தெட்டு வருட வேலை. நான் அதே ஆய்வு நிலையத்தில் நூலகராக இருந்தேன்.

2
முதலில் எழுதிய தொடக்கம்: மழை கொட்டிய ஒரு மாலையில், தூய வெள்ளை அங்கி அணிந்த ஒரு பெண்...

(நிறுத்திவிட்டேன். அவள் அங்கி வெள்ளையாக இருந்து நான் பார்த்ததே இல்லை.)

சரி, இப்படித் தொடங்குகிறேன். மதியம் ஒரு மணிக்குச் சாப்பாட்டு டப்பாவோடு அவள் அறைக்குப் போவேன். நடுவில் பெரிய வட்டத் தொட்டி. பால்பொடி கலந்த தண்ணீர். அதற்குள் கண்ணுக்குத் தெரியாத ஒரு சிறு மேடை. எலியை விட்டால் நீந்தித் தேடும். நல்ல எலிக்கு நாலே நாளில் வழி மனப்பாடம். நஞ்சு ஏறிய எலிக்கு வலிப்பு வரும். பிழைத்தாலும், தினமும் புதிதாகத் தேடும். அக்கா கண்டுபிடித்த மருந்தைப் போட்ட எலிகளோ நேராக மேடைக்குப் போயின. அன்று சந்தோஷத்தில் என் பங்குச் சாப்பாட்டையும் அவளே தின்று தீர்த்தாள்.

(அந்த அறையின் வாடையை, அந்த ஸ்பிரிட்டை, மரத்தூளை, ஈரத் துணியை நாலு முறை எழுதிப் பார்த்தேன். எழுத்தில் வரவில்லை. இன்றும் அதற்காக ஏங்குகிறேன் என்பதோடு விடுகிறேன்.)

3
இனி நடந்தது. பூச்சிக்கொல்லி ஏற்றிய லாரி ஒன்று கவிழ்ந்தது. போரில் வீசும் நரம்பு நஞ்சுக்குச் சில பூச்சிக்கொல்லிகள் பங்காளி முறை. அதில் முழுக்க நனைந்த ஓட்டுநர் மருத்துவமனையில் வலிப்பில் கிடந்தார். அங்கிருந்த மருத்துவர் அக்காவோடு படித்தவர். அவர் தொலைபேசியில் கூப்பிட்டபோது நான் அக்கா பக்கத்தில்தான் இருந்தேன்.

"ஒரு மணி நேரமா வலிப்பு நிக்கல. இருக்கறதெல்லாம் போட்டுப் பாத்தாச்சு. உன் மருந்தைக் கொண்டா."

"அது எலிக்குப் போட்டதுடா. மனுஷனுக்கு எவ்வளவுன்னு எனக்கே தெரியாது."

"விட்டா மூளை போயிரும்."

"என் மருந்தால உயிரே போயிட்டா?"

குளிர்பெட்டியைத் திறந்து குப்பியை எடுத்தாள். கையில் வைத்தபடி வெகுநேரம் நின்றாள். திரும்ப உள்ளே வைத்துவிட்டு, வெறுங்கையோடு மருத்துவமனைக்கு ஓடினாள்.

முதல் வரைவில் அவளை ஊசி போட வைத்தேன். ஓட்டுநர் கண் திறந்தார், மனைவி கைகூப்பினார். அக்காவுக்குத் தொலைபேசியில் படித்துக் காட்டினேன். "நடந்தத எழுது" என்றாள்.

4
ஓட்டுநர் பிழைத்தார். பழைய நினைவுகள் அப்படியே இருந்தன. புதிதாக எதுவும் தங்கவில்லை. அக்கா ஒவ்வொரு சனிக்கிழமையும் அவர் வீட்டுக்குப் போனாள், ஆறு வருடம். சில சமயம் நானும் போவேன்.

"யாரும்மா நீங்க?" என்பார். அக்கா சொல்வாள். மறுவாரமும் "யாரும்மா நீங்க?" லாரியைத் தொலைத்துவிட்டு அதன் நிழலிலேயே படுத்துத் தூங்கிய கதையைச் சொல்லுவார். ஒவ்வொரு முறையும் அக்கா முதல் தடவை கேட்பதுபோல வயிறு குலுங்கச் சிரிப்பாள். அது நடிப்பில்லை.

பல வருடம் கழித்து அந்த மருந்தை மனிதர்களுக்குக் கொடுத்துச் சோதித்தார்கள். சிலருக்கு மூளையைக் காத்தது. சிலருக்கு இதயத்தைத் தடுமாற வைத்தது. அவர் எந்தப் பக்கம் விழுந்திருப்பார்? அக்காவின் எந்த நோட்டிலும் அதற்கு விடை இல்லை.

5
ஒரு சனிக்கிழமை ஓட்டுநரின் மனைவி கேட்டாராம்: "அன்னைக்கு உங்க கையில மருந்து இருந்துச்சாமே, நிஜமா?"

"இருந்துச்சு" என்றாளாம் அக்கா.

அதற்கு அவர் என்ன சொன்னார்? கதவைக் காட்டி "போங்க" என்றதாக எழுதினேன். அப்படியென்றால் மறுவாரமும் அக்கா எப்படிப் போயிருப்பாள்? கையைப் பிடித்துக்கொண்டு "பரவாயில்லம்மா" என்றதாக எழுதினேன். சர்க்கரை தூக்கல்.

நேற்று அக்காவிடமே கேட்டுவிட்டேன்.

"அவங்க எங்கிட்ட சொன்னாங்கடி. உன் கதைக்குச் சொல்லல."

ஆகவே அந்த வரியை நான் எழுதவில்லை. அந்த மனைவியின் நாற்காலியில் நீங்கள் உட்காருங்கள். எதிரே என் அக்கா, டீ ஆறிப்போயும் எழுந்து போகாமல் உங்கள் முகத்தையே பார்த்துக்கொண்டிருக்கிறாள். நீங்கள்தான் பேச வேண்டும்.