கமலைக் கயிற்றுக் கதை

ஞாயிற்றுக்கிழமை காலையில் குளித்து, சந்தியாவந்தனத்தை ஏனோதானோவென்று முடித்துவிட்டு, ஹாலாஸ்யம் பீரோக் கண்ணாடிக்கு முன்னால் கயிறும் கையுமாக நின்றார். கயிறு என்றால், வெட்டி ஒட்டும் வித்தைக்காகப் புதுமண்டபத்துக் கடையில் முழம் போட்டு வாங்கிய வெள்ளைப் பருத்திக் கயிறு. உள்ளே ஓடும் நூலை உருவிப் போட்டுவிட்டு, தண்ணீரில் ஊறவைத்துக் காயப்போட்டால் கையில் குழையும், சொன்ன இடத்தில் மடங்கும். "அன்பார்ந்த பெரியோர்களே, தாய்மார்களே" என்று கண்ணாடியைப் பார்த்து ஆரம்பித்தார். அதற்குமேல் வரவில்லை. அடுத்த வாரம் திருவாதவூர்ப் பக்கம் முகாம். பழைய கதையைச் சுற்றுவட்டாரம் முழுக்கச் சொல்லியாகிவிட்டது, புதிதாக ஒன்று கட்டிக்கொண்டு வாரும் என்று மேலதிகாரி பசுபதி சொல்லியிருந்தார். தேர்வடத்தை வைத்து ஒரு கதை யோசித்தார். தேர்வடத்தை வெட்டினால் கேட்கிறவன் சும்மா விடுவானா, மேடையிலேயே உதைப்பான். தூளிக் கயிறு? வாயால் சொல்லவே நன்றாயில்லை. கயிற்றைச் சுருட்டுவதும் பிரிப்பதுமாக நின்றுகொண்டிருந்தார்.

ஹாலாஸ்யத்துக்குச் சர்க்கார் ஆபீஸில் குமாஸ்தா உத்தியோகம். வித்தை என்பது உத்தியோகம் அல்ல, பைத்தியம். கல்யாணமான புதிதில் பிடித்தது. ஜானு முதலில் சிரித்தாள், பிறகு சண்டை போட்டாள், கடைசியில் "என்னமோ பண்ணித் தொலையுங்கோ" என்று விட்டுவிட்டாள். பள்ளிக்கூட ஆண்டுவிழா, ஆபீஸர் வீட்டுக் குழந்தைக்குப் பிறந்தநாள் என்று கூப்பிட்ட இடத்துக்கெல்லாம் போய்க் காட்டிவிட்டு, ஒரு தேங்காய் பழத்தோடு திரும்பி வருவார். அப்படி இருந்தவருக்கு அவசரநிலை வந்த மறுவருஷம் சுக்கிரதிசை அடித்தது. குடும்பக் கட்டுப்பாட்டு முகாமுக்கு ஆள் சேர்க்க வில்லுப்பாட்டுக்காரர், பொம்மலாட்டக்காரர் என்று யார் யாரையோ தேடிப் பிடித்துக்கொண்டிருந்த நேரத்தில், நம்ம ஆபீஸிலேயே ஒருத்தர் இருக்கிறாரே என்று பசுபதிக்குத் தோன்றிவிட்டது. அன்றிலிருந்து ஹாலாஸ்யத்துக்கு ஜீப் என்ன, மாலை என்ன, ஒலிபெருக்கியில் 'மதுரை புகழ் மாயாஜால மன்னர்' என்ன! மனுஷர் தரையில் நடக்கவில்லை.

கயிற்றை வெட்டி ஒட்டுவதைப் புஸ்தகம் படித்த எவனும் செய்துவிடுவான், அதற்கு ஒரு கதை கட்டத் தெரிந்தவன்தான் வித்தைக்காரன் என்பது அவருடைய கட்சி. முதலில் புஸ்தகத்தில் இருந்தபடியே ஒரு அரேபிய ராஜகுமாரன் கதையைச் சொல்லிப் பார்த்தார். ஜனங்கள் கொட்டாவி விட்டார்கள். அப்புறம்தான் மண்டையில் ஏறியது. ஆண்களுக்கு அந்த ஆபரேஷன் என்றாலே குலைநடுக்கம். கத்தி பட்டால் உடம்பில் தெம்பு போய்விடும், ஏர் பிடிக்க முடியாது, மூட்டை தூக்க முடியாது, பெண்டாட்டி முகத்தில் விழிக்க முடியாது என்று ஊருக்கு ஊர் பேச்சு. அதற்கென்றே ராப்பகலாக உட்கார்ந்து கமலைக் கயிற்றுக் கதையைக் கட்டினார். நல்லகாமன் என்று ஒரு சம்சாரி. மாடு பூட்டிக் கமலையால் கிணற்றுத் தண்ணீர் இறைத்து வயல் பார்க்கிறவன். ஒரு டாக்டர் வந்து அவன் கயிற்றை நறுக்கென்று வெட்டிவிடுகிறார். ஊரே கைகொட்டிச் சிரிக்கிறது, பெண்டாட்டி தலையில் அடித்துக்கொண்டு அழுகிறாள். நல்லகாமன் சிரித்துக்கொண்டே ஒரு ஊது ஊதுகிறான், கயிறு முழுசாக இருக்கிறது, பொழுது சாய்கிறவரைக்கும் தண்ணீர் இறைக்கிறான். அவ்வளவுதான் கதை. உன் பலம் உன்னோடுதான் இருக்கும், பயப்படாதே என்பது அதன் சாரம். அதில் ஒரு பொய்யும் இல்லை.

இதோடு நிறுத்தியிருக்கக் கூடாதா மனுஷர்? கொட்டாம்பட்டிப் பக்கம் ஒரு கிராமத்துக் களத்துமேட்டில், கயிறு முழுசானதும் அப்படி ஒரு கைதட்டல் விழுந்தது. விசில் வேறு. அந்த மயக்கத்தில் கயிற்றைத் தலைக்குமேல் உயர்த்திப் பிடித்து, "வேணும்னா வெட்டு! வேணும்னா ஒட்டு!" என்று கத்திவிட்டார். தானாக வாயில் வந்த அடுக்கு. கூட்டம் அதைத் திருப்பிக் கத்தியது. அடுத்த ஊரிலிருந்து அதுவும் கதையோடு சேர்ந்துவிட்டது. அதற்கு என்ன அர்த்தம் ஆகும் என்று அவரும் யோசிக்கவில்லை, மேடையில் பின்னால் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்த டாக்டர்களும் வாயைத் திறக்கவில்லை.

"ஏன்னா, வாசல்ல யாரோ வந்து நிக்கறான்" என்று ஜானு உள்ளே வந்தாள். "கயித்து வித்தை சாமி வீடு இதானான்னு கேக்கறான். கிராமத்து மனுஷன். பொம்மனாட்டி ஒருத்தி தெருக்குழாய்கிட்ட நிக்கறா."

ஹாலாஸ்யத்துக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. "பாத்தியா, நம்ம பேர் எங்கெல்லாம் போயிருக்குன்னு!" என்று துண்டை இழுத்துப் போட்டுக்கொண்டு, கயிறும் கையுமாகவே வாசலுக்குப் போனார். முப்பது வயசுக்குள் இருக்கும் ஒருவன், தலைத்துண்டை அவிழ்த்து இடுப்பில் கட்டியபடி படிக்குக் கீழே நின்றான்.

"கும்புடுறேன் சாமி. எம்பேரு சுருளி. நீக கொட்டாம்பட்டிக்குக் கெழக்க எங்கூருக்கு வந்து, களத்துல வித்த காட்டுனீகள்ல."

"ஆமாமா. உள்ள வாப்பா."

அவன் வரவில்லை. இன்னொரு தரம் சொன்னதும் ரேழியில் ஒரு ஓரமாக, சுவரில் உடம்பு படாமல் வந்து நின்றான்.

"அன்னைக்கே பேரு குடுத்தேன் சாமி. மறுநா ஜீப்புல கூட்டிப் போனாக."

"பேஷ், நல்ல காரியம் பண்ணினே. குழந்தைகள் எத்தனை?"

"ஒண்ணுதேன். ஒரு பய."

"ஒண்ணா? ஒண்ணு இருக்கறச்சேயா பண்ணிண்டே? யாரும் கேக்கலையா?"

"ஆருக்குச் சாமி கேக்க நேரம்? ஆளு பத்தலன்னு அலைஞ்சாக. நாந்தேன் ரோசன பண்ணேன். இருக்கிற கூலிக்கு இந்தப் பயலுக்கே வயிறாரப் போட முடியல. அவன் கொஞ்சம் தலையெடுக்கட்டும், பெறகு வேணும்னா ஒட்டிக்கிடலாம்னு இருந்தேன். நீகதேன் சொன்னீகளே." சுருளி சாதாரணமாகத்தான் சொன்னான். "பய போயிட்டான் சாமி."

"எங்க போயிட்டான்?" என்றார் ஹாலாஸ்யம்.

இப்படியும் ஒரு மனுஷன் கேட்பானா? கேட்டுவிட்டார். கேட்ட பிறகுதான் அவன் முகத்தைப் பார்த்தார், நாக்கைக் கடித்துக்கொண்டார்.

"காச்சல்ல போயிட்டான். நெருப்பாக் கொதிச்சுச்சு. தூக்கிட்டு ஓடுறதுக்குள்ள தோள்லயே அடங்கிட்டான்." அவன் தெருப்பக்கம் பார்த்தான். "இப்ப அவ அண்ணன் வந்து வீட்டுல உக்காந்திருக்கான் சாமி. எந்தங்கச்சி சின்ன வயசு, பிள்ள குடுக்க மாட்டாதவன்கிட்ட என்னத்துக்குக் கெடக்கணும், தீத்துவிடு, நா வேற எடத்துல கட்டிக் குடுத்துக்கிறேன்ங்கிறான். எங்க சாதியில அது உண்டு. அவ போக மாட்டேங்கிறா. சாமி மேடையில சொன்னாருல்ல, ஒட்டிக்கிடலாம்னு, மறுபடி எம்பயலே வந்து பொறப்பான்னு அந்த ஒரு வார்த்தையப் பிடிச்சுக்கிட்டுக் கெடக்கா. இல்லாட்டி இந்நேரம் கெணத்துல விழுந்திருப்பா."

ஹாலாஸ்யம் பக்கத்தில் இருந்த ஸ்டூலில் உட்கார்ந்தார். உட்கார்ந்ததும், அவன் நிற்கிறானே என்று எழுந்தார். "சுருளி, இதோ பாரு. அது வித்தை. கயிறு வேற, மனுஷ உடம்பு வேற. நான் கைதட்டலுக்காக ஏதோ..."

"தெரியும் சாமி."

"தெரியுமா?"

"டவுன்ல ஒரு டாக்டரய்யாவப் பாத்தேன். தலைய ஆட்டிட்டாரு. அம்புட்டுத்தேன், போப்பான்னுட்டாரு. அவ வெளிய நின்னா, அவளுக்குத் தெரியாது." சுருளி ஒரு அடி முன்னால் வந்து, குரலைத் தணித்தான். "நீக அவகிட்ட ஒட்டும்னு ஒரு வார்த்த சொல்லணும். இன்னும் ரெண்டு வருசம் கழிச்சுத்தேன் ஒட்டணும், சவுரியம் வரட்டும்னு ஏதாச்சும் ஒரு கதை. நா சொன்னா நம்ப மாட்டா. நீக சொன்னா நம்புவா."

"பொய் சொல்லச் சொல்றயாப்பா?"

"அன்னைக்குச் சொன்னீகளே சாமி."

அடித்திருந்தால்கூடப் பரவாயில்லை. அவன் குத்திக்காட்டவும் இல்லை, கோபப்படவும் இல்லை, நடந்ததைச் சொன்னான். ஹாலாஸ்யம் திரும்பிப் பார்த்தார். சமையலறை வாசலில் ஜானு மோர்ச் செம்போடு நின்றாள். எல்லாவற்றையும் கேட்டுவிட்டாள் என்பது முகத்தில் தெரிந்தது. அவள் ஏதாவது சொல்லமாட்டாளா என்று பார்த்தார்.

"என்னை ஏன் பாக்கறேள்?" என்றாள் ஜானு. "நீங்க கட்டின கதைதானே. நீங்கதான் அவளுக்குப் பதில் சொல்லணும்."

என்ன பதில் சொல்வது? உண்மையைச் சொன்னால் அந்தப் பெண் அண்ணனோடு போய்விடுவாள், இவன் ஒண்டிக்கட்டையாக நிற்பான். இல்லை, இவன் சொன்னது மாதிரி கிணற்றில் விழுந்தாலும் விழுவாள். ஈசுவரா! பொய்யைச் சொன்னால் இருப்பாள். இந்த வருஷம், அடுத்த வருஷம் என்று வயசு போகிறவரைக்கும் காத்துக்கொண்டே இருப்பாள். எவளோ ஒருத்தியின் வாழ்நாள் முழுசும் என் நாக்கில் வந்து உட்கார்ந்திருக்கிறதே என்று ஹாலாஸ்யத்துக்குத் தோன்றியது. அவர் ஒன்றும் சொல்வதற்குள் சுருளி வாசலுக்குப் போய், "ஏ ராமக்கா, சாமி கூப்புடுறாரு" என்று குரல் கொடுத்துவிட்டான்.

அவள் வந்தாள். சின்னப் பெண்தான். எண்ணெய் காணாத தலை, முந்தானையை இழுத்துப் போர்த்தியிருந்தாள். படியேறி வந்தவள் ஹாலாஸ்யத்திடமிருந்து நன்றாகத் தள்ளி, புருஷனுக்கும் பின்னால் நின்றுகொண்டாள். அழுதவள் மாதிரியே இல்லை. அவருடைய முகத்தைப் பார்க்கவில்லை, கையிலிருந்த கயிற்றைத்தான் பார்த்தாள்.

"அந்தக் கயிறா சாமி?" என்றாள்.

"ஆமாம்மா. இதோ பாரு, மேடையில நான் சொன்னது..."

பின்னால் நின்ற அவளுக்குத் தெரியாமல், சுருளி நெஞ்சோடு சேர்த்துக் கையெடுத்துக் கும்பிட்டான்.

"அன்னைக்குப் பொம்பளைக எல்லாம் பொறத்தால நின்னோம். எனக்குச் சரியாத் தெரியல" என்றாள் ராமக்காள். "ஒருக்கா இங்க வெட்டி ஒட்டிக் காட்டுங்க சாமி. பக்கத்துல நின்னு பாத்துக்கிட்டா மனசுக்குத் தெம்பா இருக்கும். எங்கண்ணன்கிட்டயும் எங்கண்ணால பாத்தேன்னு சொல்லிருவேன்."

அப்போதுதான் ஹாலாஸ்யத்துக்கு ஒரு வழி தோன்றியது. வாயால் சொல்ல முடியாததைக் கையால் சொல்லிவிடலாம். இந்த வித்தையில் நடுக்கயிறு என்று கூட்டம் நினைப்பது நடுக்கயிறே இல்லை. மடக்கிய கைக்குள் கயிற்றின் நுனிப்பக்கத்துத் துண்டை வளைத்து மேலே தூக்கிக் காட்டுவார், கத்தரி விழுவது அதன்மேல்தான், அசல் நடுக்கயிறு உள்ளங்கைக்குள் பத்திரமாக இருக்கும். இன்றைக்கு அதைச் செய்யப் போவதில்லை. அசலையே தூக்கிக் கொடுத்துவிடுவது. வெட்டுப்பட்டுக் கயிறு இரண்டாக விழுந்ததும் அவளே புரிந்துகொள்வாள், ஒரு வார்த்தை பேச வேண்டாம். பேசாமலே தீர்ந்துவிடும் என்று நினைத்ததும் அவருக்குக் கொஞ்சம் மூச்சு வந்தது.

"ஜானு, கத்திரிக்கோல் கொண்டா" என்றார்.

ஜானு தையல் பெட்டியிலிருந்து எடுத்து வந்தாள். அதை அவர் தரையில் வைக்காமல், கையை நீட்டி ராமக்காளிடமே கொடுத்தார். "நீயே வெட்டும்மா."

அவள் புருஷனைப் பார்த்தாள். அவன் சரியென்று தலையசைத்தான். அவன் முகத்தில்கூட ஒரு தெளிச்சல் வந்திருந்தது, சாமி தன் பேச்சைக் கேட்டுவிட்டார் என்று. ஹாலாஸ்யம் கயிற்றை மடித்தார். நுனியைத் தேடிப் பழகிய விரல் தானாக நுனிக்கே போனது. அதை இழுத்துப் பிடித்து, நிஜமான நடுவைத் தூக்கி அவள் முன்னால் நீட்டினார். சின்னக் கத்தரி, ஒரே நறுக்கில் வெட்டவில்லை. இரண்டு மூன்று தரம் அழுத்தினாள். ஒரு பாதி அவர் கையில் தொங்கியது, மற்ற பாதி தரையில் விழுந்தது.

ஜானுவுக்கு இந்த வித்தை தலைகீழ்ப் பாடம். "ஐயோ, என்னன்னா இது" என்றாள், வாய்க்குள்ளேயே.

ஹாலாஸ்யம் இரண்டு உள்ளங்கைகளையும் விரித்துக் காட்டினார். வேறு துண்டு இல்லை, மறைத்து வைத்தது எதுவும் இல்லை. அந்தப் பாதிக் கயிறும் கையிலிருந்து நழுவி விழுந்தது. இதோ இப்போது புரிந்துவிடும், இதோ அழப்போகிறாள் என்று அவள் முகத்தைப் பார்த்தார்.

ராமக்காள் அழவில்லை. கத்தரியை ஓரமாக வைத்துவிட்டுக் குனிந்து இரண்டு துண்டுகளையும் எடுத்தாள். ஒட்டியிருந்த தூசியை முந்தானையால் துடைத்தாள். பிசிறு பிசிறாக இருந்த முனைகளை எச்சில் தொட்டுத் திரித்து, ஒன்றோடொன்று சரியாகப் பொருத்தி, கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். இதுவரை ஒரு கை தூரம் தள்ளியே நின்றவள் விறுவிறுவென்று அவருக்கு வெகு கிட்டே வந்து, அதை அவர் வாய்க்கு நேராகத் தூக்கிப் பிடித்தாள்.

"ஊதுங்க சாமி" என்றாள்.