ஜன்னல் வழியாகப் போன விண்ணப்பம்

சுரக்குடி மணிபாரதியின் மடிக்கணினியில் வைரஸ் புகுந்து விண்டோஸ் படுத்துவிட்டது. அதற்குப் பதிலாக, தபாலில் இலவசமாக வந்த உபுண்டு சிடியைப் போட்டான். எல்லாம் ஓடியது; வயர்லெஸ் கார்டு மட்டும் அசையவில்லை. அது ஓட ஒரு சின்னக் கோப்பு வேண்டும். கோப்பு இணையத்தில் இருந்தது. இணையத்துக்குப் போகக் கார்டு ஓட வேண்டும். இந்த வட்டத்தில் மூன்று நாள் சுற்றினான். நான்காம் நாள் சனிப்பெயர்ச்சி. கீழவாஞ்சூர் துறைமுகத்தில் லாரி எடை போடும் வேலைக்கு விண்ணப்பிக்க, அன்று மாலை ஐந்து மணி வரைதான் கெடு.

எதிர்வீட்டு எழில்மதி டீச்சர் பெயர்ச்சிக் கூட்டத்துக்குப் பயந்து வீட்டைப் பூட்டிக்கொண்டு ஊருக்குப் போயிருந்தார். இணையப் பெட்டியை மட்டும் அணைக்காமல், பாஸ்வேர்டையும் இவனிடம் கொடுத்திருந்தார்.

முற்பகலில் காரைக்கால் பிரவுசிங் சென்டருக்குப் போய், கோப்பைப் பென் டிரைவில் எடுத்துக்கொண்டு திரும்பினான். வழியில் திருநள்ளாற்றில் கூட்டம் அவனைத் தூக்கிக்கொண்டது. மூன்று மணி நேரம் கால் தரையில் படவில்லை. நடுவில் சற்றுத் தூங்கவும் செய்தான். விழித்தபோது நளன் குளத்துப் படியில் இருந்தான். சட்டைப் பையிலிருந்த பென் டிரைவைப் பல்லில் கடித்து உதட்டை இறுக மூடிக்கொண்டான்; கூட்டம் அவனைக் குளத்தில் முக்கியெடுத்தது. முழுக்குப் போட்டவர்கள் உடுத்தியதை அங்கேயே விட்டுவிட வேண்டும். இவன் விடவில்லை, அதுவாகவே போய்விட்டது.

யாரோ கொடுத்த துண்டோடு வீடு வந்தபோது மணி நாலரை. மனைவி நீலாயதாட்சி கதவைத் திறக்கவில்லை.

"வாயில என்ன?"

"பென் டிரைவ்."

"குளத்துல எங்க இருந்துச்சு?"

"சட்டைப் பையில."

"அப்ப சட்டையோட சேர்ந்தது. விட்டதைத் தூக்கிட்டு வந்தா சனியும் கூடவே வரும். உள்ள வராதீங்க."

"நீலா, அரை மணி நேரந்தான் இருக்கு!"

"சர்ட்டிபிகேட்டை எல்லாம் இதுலயே ஏத்திட்டுப் போயி, அங்கேயே அனுப்பிட்டு வந்திருக்கலாம்ல?"

அது மணிபாரதிக்குத் தோன்றவில்லை.

அவள் மடிக்கணினியை ஜன்னலருகே தூக்கிப் பிடித்தாள். அவன் கம்பிக்குள் கையை நுழைத்து, பென் டிரைவைச் செருகி, விடாமல் பிடித்துக்கொண்டான்.

"விட்ராதீங்க. உங்க கையில இருக்கிற வரைக்கும் அது வெளியிலதான் இருக்கு."

கார்டில் விளக்கு எரிந்தது. அவன் சொல்லச் சொல்ல அவள் தட்டினாள். நாலு ஐம்பத்தெட்டுக்கு விண்ணப்பம் போய்ச் சேர்ந்தது.

"இப்பக் கதவைத் தொற."

"அதைக் கொண்டுபோயி குளத்துலயே விட்டுட்டு வாங்க."

"திரும்ப அந்தக் கூட்டத்துக்குள்ளயா?"

நீலாயதாட்சி கம்பி வழியாக ஒரு வேட்டியை நீட்டினாள்.

"மாத்துக்கு வச்சுக்குங்க. கட்டியிருக்கிற துண்டையும் அங்க விட்டாகணும்ல."