பின்பக்கத்துக்கும் கண்ணாடி

1

என் மகள் என்னிடம் கேட்டது ஒரே ஒரு பக்கம். அது எழுத வரவில்லை. அதற்குப் பதிலாகத்தான் இந்தக் கதையை எழுதிக்கொண்டிருக்கிறேன். முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. நடுவில் நீங்களாகக் கண்டுபிடித்தால் இன்னும் அவமானம்.

என் மனைவி ஓவியர். ஒரு பள்ளிக்கூடத்தில் டிராயிங் டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவள். போன வருடம் போய்விட்டாள். அவள் வீட்டில் வரைந்த படங்களை மகள் ஒரு சின்னக் கூடத்தில் கண்காட்சியாக வைக்கிறாள். வாசலில் ஒட்ட, அம்மா யார் என்று ஒரு பக்கம் வேண்டும். "நீங்கதானேப்பா எழுத்தாளர்" என்றாள்.

[அதைச் சொன்ன குரலில் பாராட்டு இருந்தது என்று முதலில் எழுதியிருந்தேன். என் மகள் ரத்தப் பரிசோதனை நிலையத்தில் வேலை செய்கிறவள். இருப்பதை இருக்கிறது என்பாள், இல்லாததை இல்லை என்பாள். பாராட்டு இல்லை.]

2

முதல் தொடக்கம்: "அன்பு மனைவியாகவும் பாசமிகு தாயாகவும் சிறந்த ஓவியராகவும் வாழ்ந்து"

அடித்துவிட்டேன். நான் பிழைப்புக்கு ஒரு நாளிதழில் பிழை திருத்தியவன். இரங்கல் விளம்பரங்களில் இந்த வரியைத் திருத்தித் திருத்தி, ஊரில் செத்தவர்கள் எல்லோரும் ஒரே பெண்மணிதானோ என்று எனக்குச் சந்தேகமே வந்திருக்கிறது.

இரண்டாம் தொடக்கம்: "நான் அவளை முதன்முதலாகப் பார்த்தபோது நான்"

ஒரே வரியில் இரண்டு நான். அதையும் அடித்தேன்.

மூன்றாம் தொடக்கம்: "அவள் இஸ்திரி மேஜை முன்னால் நின்றுகொண்டு வரைவாள்." இது உண்மை. இதைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச தூரம் போகலாம்.

வீட்டில் ஒரு நல்ல மேஜைதான் இருந்தது, அது என் எழுத்து மேஜை. அதனால் அவள் இஸ்திரி மேஜையை உயர்த்திப் போட்டுக்கொண்டு, மைப்புட்டி சாயாமல் இருக்க அதை முட்டை அட்டையின் ஒரு குழியில் உட்கார வைத்து, நின்றபடி வரைவாள். ஒரு கோட்டை ஆரம்பித்தால் முடிக்கும்வரை மூச்சு விடமாட்டாள். வாயும் திறக்கமாட்டாள். கோடு முடிந்ததும் பெரிதாக ஒரு மூச்சு வரும். எங்கள் வீட்டில் எதைக் கேட்பதானாலும் அந்த மூச்சு வந்த பிறகுதான் கேட்க வேண்டும்.

மகள் சின்ன வயதிலேயே இதில் ஒரு வழி கண்டுபிடித்தாள். அம்மா கோட்டின் நடுவில் இருக்கும்போது பக்கத்தில் போய் நிற்பாள். "அம்மா, ஃப்ரெண்டு வீட்டுக்குப் போகட்டா? வேணாம்னா இப்பவே சொல்லிடு." ஒரு நொடி காத்திருப்பாள். "ஒண்ணும் சொல்லல. அப்ப சரி." கோடு முடிவதற்குள் தெருமுனையைத் தாண்டியிருப்பாள்.

நானும் அதையேதான் செய்தேன், ஆனால் அது எனக்குத் தெரியாது. எழுதி முடித்த பக்கங்களைக் கொண்டுபோய் அவள் பக்கத்தில் நின்று வாசிப்பேன். அவள் மூச்சு விடாமல் நிற்பாள். கதையில் சொக்கிப் போய்விட்டாள் என்று நினைத்துக்கொள்வேன். கோடு முடிந்ததும், "நல்லாருக்குங்க. கேஸை அணைச்சீங்களா?" என்பாள்.

(அடிக்குறிப்பு மாதிரி ஒன்று: கடைசி மாதங்களில் அவளால் மூச்சைப் பிடித்து நிறுத்த முடியவில்லை. கோடுகளைச் சின்னச் சின்னதாகப் போட்டாள். நான் பின்னால் நின்று அவள் முழங்கையைத் தாங்கிக்கொள்வேன். எனக்கு அவள் மேல் கொள்ளைப் பிரியம். இனி நான் சொல்லப் போவதைப் படித்துவிட்டு இதை நீங்கள் நம்பாமல் போகலாம் என்பதால் இங்கேயே எழுதி வைக்கிறேன்.)

3

தாளைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

நாளிதழின் அச்சுக்கூடத்தில் மிஞ்சும் தடித்த தாளை வீட்டுக்கு எடுத்து வருவேன். நாவலென்றால் அதற்குக் கனமான தாள் வேண்டும் என்று ஒரு நினைப்பு. ஒரு பக்கம் மட்டும் எழுதுவேன். பிடிக்காவிட்டால் கூடையில் போடுவேன். அந்தக் கூடையிலிருந்துதான் அவள் தாள் எடுத்துக்கொண்டாள். என் கையெழுத்து ஒரு பக்கம், அவள் படம் மறுபக்கம். அவளுடைய ஓவியங்கள் முழுக்க இப்படித்தான் இருக்கின்றன.

எங்களுக்கு பிரேம் போடுகிறவரை அவள் 'நாளைக்கு அண்ணன்' என்பாள். எப்போது போனாலும் நாளைக்கு முடிந்துவிடும் என்பார். படங்களை அவரிடம் கொண்டுபோனேன். மேல் தாளை எடுத்து இப்படியும் அப்படியும் புரட்டிப் பார்த்தார்.

"சார், ரெண்டு பக்கமும் என்னவோ இருக்கே. எந்தப் பக்கம் வெளிய தெரியணும்?"

சாதாரணக் கேள்வி. பதில் சொல்வதற்காக நானும் தாளை வாங்கிப் புரட்டினேன். என் பக்கம் மேலே வந்தது. படிக்க ஆரம்பித்துவிட்டேன்.

பல வருடத்துக்கு முன் கூடையில் போட்ட அத்தியாயம் அது. அருமையாக இருந்தது. அச்சில் வந்த நாவலை விட ஆயிரம் மடங்கு நன்றாக இருந்தது. அடுத்த தாளை எடுத்தேன், அதற்கடுத்ததை எடுத்தேன். கடைக்காரர் ஸ்டூலை இழுத்துப் போட்டார். பூரித்துப் போய், உட்கார்ந்து படித்துக்கொண்டே இருந்தேன்.

செத்துப்போன மனைவியின் படங்களை மடியில் கவிழ்த்து வைத்துக்கொண்டு.

4

இந்த இடத்தில் ஒரு நல்ல கதை தானாக வந்து உட்கார்ந்தது. இப்படி:

"அவள் கண்ட தாளிலெல்லாம் வரையவில்லை. நான் தூக்கி எறிந்தவற்றில் சிறந்ததையே தேடி எடுத்தாள். என் எழுத்து அழியாமல் இருக்கவே அதன் முதுகில் வரைந்தாள். அவளுடைய ஒவ்வொரு படமும்"

இதை எழுதும்போது எனக்கு அழுகையே வந்தது. இரவல் கண்ணீர்தான், இருந்தாலும் வந்தது. மகளுக்குப் போன் போட்டு வாசித்துக் காட்டினேன்.

"இல்லப்பா" என்றாள். "அந்தத் தாள்ல மை ஊறாது. அதான். நான் கூடக் கேட்டிருக்கேன். கடைல வாங்குற தாளை விட இதுதான் நல்லாருக்குன்னு சொல்லுவாங்க."

"அதுல எழுதியிருந்ததை அம்மா படிச்சிருப்பாள்ல?"

"தெரியலப்பா. நீங்கதான் வாசிச்சுக் காட்டிருப்பீங்களே."

[இந்தப் பகுதியை எடுத்துவிட்டால் கதை எனக்குச் சாதகமாக இருக்கும். எடுக்கவில்லை. இதற்காக என்னைப் பெரிய மனிதன் என்று நினைத்துவிட வேண்டாம், இதை விட மோசமானது இனிமேல்தான் வருகிறது.]

5

நாளைக்கு அண்ணனிடம் போய், "பின்பக்கத்துக்கும் கண்ணாடி போட்டுடுங்க" என்றேன்.

"பின்னாடிக்கு எதுக்கு சார்? சுவத்துல மாட்டினா அது சுவத்தைத்தானே பாத்துக்கிட்டு இருக்கும்?"

"சுவத்துல மாட்ட வேணாம். மேலேர்ந்து தொங்கவிடலாம். பாக்க வர்றவங்களுக்கு ஒரு முழுமை கிடைக்கும்."

"துணி காயப்போட்ட மாதிரி இருக்கும் சார்" என்றார். பிறகு, என்னை வருத்தப்படுத்த வேண்டாம் என்று நினைத்தாரோ என்னவோ, "சரி, நாளைக்கு முடிஞ்சுடும்" என்றார்.

மறுநாள் மகள் கடைக்குப் போயிருக்கிறாள். அங்கிருந்து நேராக என் வீட்டுக்கு வந்தாள். செருப்பைக் கழற்றாமல் வாசலிலேயே நின்றாள்.

"அம்மா படத்தைப் பாக்க வர்றவங்க எதுக்குப்பா உங்க நாவலைப் படிக்கணும்?"

"அது நாவல்ல வராத பகுதிம்மா" என்றேன்.

இப்படி ஒரு பதிலை ஒரு மனிதன் சொல்லுவானா என்று இந்தப் பாத்திரத்தின் மேல் உங்களுக்குச் சந்தேகம் வரலாம். எனக்கும் வருகிறது. ஆனால் சொன்னேன்.

"முப்பது வருஷம் நின்னுக்கிட்டே வரைஞ்சாங்க. இப்பவாவது அவங்களைத் தனியா நிக்க விடுங்க. பின்னாடி அட்டை ஒட்டச் சொல்லிட்டேன்" என்றாள். போய்விட்டாள்.

6

இங்கேயே முடிக்கலாம். அப்பன் திருந்தினான், அட்டை ஒட்டச் சம்மதித்தான், கண்காட்சி சிறப்பாக நடந்தது. கச்சிதமான முடிவுதான், நடந்தது அதுவல்ல.

அட்டை ஒட்டுவதற்கு முன்னால் கடைக்குப் போய், ஒவ்வொரு தாளாகப் புரட்டி, பின்பக்கங்களைப் போனில் படம் எடுத்துக்கொண்டேன். ஒன்று விடாமல், என் கையெழுத்து தெளிவாக விழும்படி வெளிச்சம் பார்த்து எடுத்தேன். நாளைக்கு அண்ணன் உள்ளே சட்டம் அறுத்துக்கொண்டிருந்தார். நான் எடுத்தது எந்தப் பக்கம் என்று அவர் பார்க்கவில்லை. வெளியே வந்து, "வீட்டம்மா மேல இவ்வளவு பாசம் வெச்ச மனுஷனை நான் பாத்ததில்ல சார்" என்றார்.

நான் மறுக்கவில்லை. மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டேன். கண்ணாடியில் அழுக்கு எதுவும் இல்லை.

7

இதைத்தான் எழுதாமல் தள்ளிப் போட்டுக்கொண்டே வந்தேன்.

இரண்டு நாள் கழித்து மகள் வந்தாள். முகமே வேறு மாதிரி இருந்தது. பக்கத்தில் உட்கார்ந்து என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அண்ணன் சொன்னாருப்பா. ஒவ்வொரு படத்தையும் எடுத்து எடுத்துப் போட்டோ புடிச்சீங்களாமே. நான் அன்னைக்கு ரொம்பப் பேசிட்டேன். மனசுல வெச்சுக்காதீங்க."

நான் மண்டையை ஆட்டினேன்.

"அழைப்பிதழுக்கு ஒரு படம் வேணும். பிரேமெல்லாம் கட்டி அனுப்பியாச்சு. நீங்க எடுத்ததுல உங்களுக்கு ரொம்பப் புடிச்சது ஒண்ணை நீங்களே குடுங்கப்பா. அம்மாவுக்கு அதுதான் பொருத்தமா இருக்கும்." கையை நீட்டினாள்.

இந்த இடத்துக்கு மூன்று முடிவுகள் எழுதிப் பார்த்தேன்.

(அ) போன் தண்ணீரில் விழுந்துவிட்டது.

(ஆ) படங்கள் எதுவும் சரியாக விழவில்லை, வெளிச்சம் போதவில்லை.

(இ) என் எழுத்தின் ஊடே அவள் கோடுகள் நிழலாகத் தெரிந்தன. மகள் அதைப் பார்த்து

(இ) நன்றாகத்தான் இருந்திருக்கும். ஆனால் அந்தத் தாளில்தான் மை ஊறாதே.

போனைக் கொடுத்தேன்.

தள்ளினாள். இன்னொன்றைத் தள்ளினாள். தவறுதலாக எடுத்தவை இரண்டு முன்னால் வந்துவிட்டன, அம்மா இனிமேல் வருவாள் என்று நினைத்தவள் போல வேகமாகத் தள்ளிக்கொண்டே போனாள். கடைசிவரை போய், திரும்பவும் முதலிலிருந்து வந்தாள். நான் கூனிக் குறுகிப் போனேன்.

"இதுல அம்மா எங்கப்பா?"

கோபமாகக் கேட்டிருந்தால் தாங்கியிருப்பேன். நிஜமாகவே தேடிக்கொண்டு கேட்டாள்.

அப்புறம் போனை என் மடியில் வைத்தாள். "சரி. போட்டோ வேணாம். ஒரே ஒரு படத்தை வாயால சொல்லுங்க. எதுவானாலும் சரி. நான் பிரிச்சு எடுத்துக்கறேன். அம்மா என்ன வரைஞ்சிருந்தாங்க?"

நான் யோசித்தேன். அவள் காத்திருந்தாள்.

8

அவளுக்கு என்ன பதில் சொன்னேன் என்று கேட்காதீர்கள். உங்களிடம் எனக்கும் ஒரு கேள்வி இருக்கிறது.

இவ்வளவு தூரம் படித்தீர்கள். இது ஓர் ஓவியரின் வாழ்க்கையை நினைவுகூரும் கதை. இதில் அவள் வரைந்த ஒரே ஒரு படத்தையாவது நான் உங்களுக்குச் சொன்னேனா? பிழை திருத்தும் பழக்கத்தில் முதலிலிருந்து வாசித்துப் பார்த்தேன். மைப்புட்டி இருக்கிறது, முட்டை அட்டை இருக்கிறது, நான் எங்கு பார்த்தாலும் இருக்கிறேன். இது உத்தி என்று யாராவது எழுதினால் நம்ப வேண்டாம்.

கூடம் திறந்திருக்கிறது. வாசலில் பக்கம் எதுவும் ஒட்டவில்லை. நான் கொடுக்கவில்லை, மகளும் அப்புறம் கேட்கவில்லை. உள்ளே படங்கள் சுவரில், அட்டை ஒட்டிய முதுகோடு மாட்டியிருக்கின்றன. இந்தக் கதைக்கு முடிவு என்று ஒன்று இருந்தால் அது அங்கேதான் இருக்கிறது. நீங்கள் போய்ப் பாருங்கள். எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் நின்று பாருங்கள்.

பார்த்ததை என்னிடம் வந்து சொல்லிவிடாதீர்கள். சொன்னால் அதையும் எழுதிவிடுவேன்.