போஸ்ட்கிரெஸ் மறித்த கல்யாணம்

கல்யாணத்துக்குப் பத்தொன்பது நாள் இருக்கும்போது எந்தப் பெண்ணும் ஒரு தரவுத்தளத்தைப் புதிய பதிப்புக்கு மாற்ற உட்கார மாட்டாள். கிருஷாந்தி உட்கார்ந்தாள். லீவில் போவதற்குமுன் கையிலிருக்கிற வேலையை முடித்துவிட வேண்டும் என்று ஒரு பிடிவாதம். கண்டி மஹய்யாவயில் அவளைத் தெரிந்த எல்லாருக்கும் அந்தப் பிடிவாதமும் தெரியும்.

வேலை மலர் மண்டபத்துடையது. கண்டி டவுனில் சுமாரான வாடகைக்குக் கிடைக்கும் கல்யாண மண்டபம் அது. இந்துக் கல்யாணம், முஸ்லிம் கல்யாணத்து வலீமா விருந்து, சேர்ச் கல்யாணத்து விருந்து, எல்லாம் அங்கே நடக்கும். அதன் முன்பதிவுகளைக் கணினியில் பார்த்துக்கொள்வது கிருஷாந்தியின் மூன்று பேர் கம்பனி. மூன்று வருடத்துக்குமுன் அந்த அட்டவணையை வடிவமைத்தவளும் அவளேதான். ஒரு திகதிக்கு ஒரு பதிவு, அதே திகதிக்கு இன்னொன்று வந்தால் தரவுத்தளம் ஏற்காது. அவ்வளவுதான், கச்சிதம் என்று அன்றைக்குத் தன்னையே தட்டிக்கொடுத்திருந்தாள்.

இப்போது அதைத் தாங்கும் போஸ்ட்கிரெஸ் என்ற தரவுத்தள மென்பொருளைப் பதினெட்டாம் பதிப்புக்கு மாற்ற வேண்டும். மண்டப ஆபீஸ் பூட்டியிருக்கும் போயா நாளாக, பௌர்ணமி விடுமுறையாகப் பார்த்துக் காலை எட்டு மணிக்கே மடிக்கணினியைத் திறந்தாள். முதலாளி ஷாமலா அக்கா வத்தேகமவில் தன் வீட்டிலிருந்தபடி போனில் இருந்தாள். ஷாமலாவுக்கு நிர்வாகக் குறிப்புகள் சொல்வதென்றால் சாப்பாடே வேண்டாம்.

"பேக்கப் எடுத்துட்டியா?"

"எடுத்துட்டேன்க்கா."

"எடுத்தது பெரிசில்ல. அத வேற மெசின்ல திருப்பிப் போட்டுப் பாத்தியா?"

"பாத்துட்டேன். எல்லா வரியும் இருக்கு."

"செக்சம் பாத்தியா? புதுசுல அது தானாவே வரும். பழையதுல இல்லாட்டி ரெண்டும் ஒத்துவராதுன்னு கத்தும்."

"நேத்தே அந்தச் சரிபார்ப்பப் பழையதுலயும் போட்டு வச்சிட்டேன்க்கா. சும்மா இருங்க."

மாற்றம் பதினோரு நிமிடத்தில் முடிந்தது. முன்பெல்லாம் பதிப்பு மாற்றினால் தரவுத்தளம் தன் புள்ளிவிவரங்களை மறந்துபோய், எதைத் தேடினாலும் கொஞ்ச நேரம் தூக்கக்கலக்கத்தில் திரியும். பதினெட்டாவது அவற்றைக் கையோடு கூட்டிக்கொண்டு வந்திருந்தது. கிருஷாந்தி தேடிப் பார்த்தாள், எல்லாம் பட்டுப்பட்டென்று வந்தன. சந்தோசத்தில் மீன் வைத்த ஒரு மாலு பணிஸை எடுத்துக் கடித்தாள்.

அவள் ஆசையோடு காத்திருந்த புதுமை இனிமேல்தான். ஒரே இடத்துக்கான இரண்டு நேரங்கள் ஒன்றன்மேல் ஒன்று விழக்கூடாது என்று இந்தப் பதிப்பில் அட்டவணைக்கே கட்டுப்பாடு போட்டுவிடலாம். வெறும் திகதிக்குப் பதிலாக, எத்தனை மணியிலிருந்து எத்தனை மணிவரை என்று ஒவ்வொரு பதிவுக்கும் எழுத வேண்டும். அதைக் கேட்க மண்டப மனேஜர் கணபதி ஐயாவுக்குப் போன் எடுத்தாள்.

"வலீமான்னா பகல் பன்னெண்டுல இருந்து ராத்திரி பத்து வரைக்கும்மா. சேர்ச் கல்யாணம்னா ரெண்டுல இருந்து பத்து. நம்மாளுக கல்யாணம்னா மொத நாள் நாலு மணிக்கே சாவி குடுத்துருவேன், மறுநாள் மூணு மணிக்குத் திருப்பித் தருவாங்க."

"மொத நாளா? அட்டவணைல அது இல்லீங்களே, ஐயா."

"அத எதுக்கும்மா எழுதணும்? மொத நாள் சாயந்தரம் காய் வெட்டாம எந்தக் கல்யாணம் நடந்திருக்கு? நான் அந்த நாள வேற யாருக்கும் குடுக்கவே மாட்டேன்."

கிருஷாந்தி நாக்கைக் கடித்துக்கொண்டாள். அவளுக்கும் பிறந்ததிலிருந்து தெரிந்த விசயம்தான். தெரிந்ததாலேயே எழுதத் தோன்றவில்லை. கணபதி ஐயாவின் மண்டை அட்டவணையில் இல்லாத ஒரு பத்தியாக மூன்று வருடமும் வேலை செய்திருக்கிறது. சரி, இனி எழுதிவிட்டால் போச்சு என்று எல்லாப் பதிவுகளுக்கும் நேரத்தை நிரப்பினாள். பிறகு கட்டுப்பாட்டைப் போடும் கட்டளையைக் கொடுத்தாள்.

போஸ்ட்கிரெஸ் மறுத்தது. இரண்டு பதிவுகள் மோதுகின்றன, ஆகவே இந்தக் கட்டுப்பாட்டைப் போட முடியாது என்று சிவப்பில் சொல்லிவிட்டு, மோதிய இரண்டு நேரங்களையும் காட்டியது. ஒன்று, அடுத்த மாதம் ஒரு சனிக்கிழமை பகல் பன்னிரண்டிலிருந்து இரவு பத்துவரை. மற்றது, அதே சனிக்கிழமை மாலை நாலிலிருந்து ஞாயிறு பிற்பகல் மூன்றுவரை.

ஞாயிற்றுக்கிழமைப் பதிவின் பெயரைப் பார்த்தாள். மணமகள்: கிருஷாந்தி. மணமகன்: சதீஸ், தெல்தோட்டை.

மிச்சப் பணிஸை அப்படியே வைத்துவிட்டு வத்தேகமவுக்குப் போன் எடுத்தாள்.

"ஷாமலாக்கா, என் கல்யாணம் மோதுது."

"என்னாடி சொல்ற?"

"போஸ்ட்கிரெஸ் என் கல்யாணத்த ஏத்துக்க மாட்டேங்குது."

மூன்று வருடம் நடக்காத தவறு இப்போது எப்படி நடந்தது என்று கண்டுபிடிக்க அதிக நேரம் ஆகவில்லை. போன மாதம் கணபதி ஐயா கண் ஆபரேசனுக்காக இரண்டு வாரம் வரவில்லை. ஆபீசில் இருந்த பிள்ளை திரையைப் பார்த்துப் பதிவு போட்டாள். திரையில் சனி வேறு, ஞாயிறு வேறு. தரவுத்தளமும் தலையாட்டியது. கிருஷாந்தி வடிவமைத்த கச்சிதமான அட்டவணை கிருஷாந்தியின் கல்யாணத்திலேயே கை வைத்துவிட்டது.

முந்நூறு பத்திரிகை கொடுத்தாயிற்று. தெல்தோட்டையிலிருந்து இரண்டு பஸ் பேசியாயிற்று. முகூர்த்தம் காலை ஆறு பத்து. முதல்நாள் மாலை மண்டபமும் சமைக்கக் குசினியும் கிடைக்காவிட்டால் அத்தனை பேருக்கும் காலைச் சாப்பாடு கிடையாது, மணவறையும் கிடையாது. ஆவணியில் வேறு மண்டபம் தேடுவது நடக்கிற காரியமா? அம்மாவிடம் இதை எப்படிச் சொல்வது என்று நினைத்ததுமே அழுகை வந்தது.

இங்கே ஒன்றை மறைக்காமல் சொல்லிவிட வேண்டும். கிருஷாந்தி நல்ல பெண்தான், ஆனாலும் அவள் உட்கார்ந்திருந்தது முழு அதிகாரமுள்ள நிர்வாகியின் கணக்கில். சனிக்கிழமைப் பதிவை அழிக்க ஒரு வரி போதும். ஏதோ கணினிக் கோளாறு என்று மண்டபம் மன்னிப்புக் கேட்கும், முன்பணம் திரும்பிப் போகும், யாருக்கும் எதுவும் தெரியாது. விரல்கள் அந்த வரியில் பாதியைத் தட்டியும்விட்டன. எந்தப் பதிவு முதலில் வந்தது என்று பார்த்தாள். சனிக்கிழமை வலீமா செவ்வாய் பதிவானது. அவளுடையது அதே வாரம் வியாழன். கடைசிப் பத்தியில் ஆபீஸ் பிள்ளை ஒரு குறிப்பு எழுதியிருந்தாள்: மணமகளின் தகப்பனார் சக்கர நாற்காலியில் வருவார், படி இல்லாத மண்டபம் என்பதால் இதையே கேட்டார்கள்.

கிருஷாந்தி தட்டிய பாதி வரியை எழுத்தெழுத்தாக அழித்தாள். அவளுக்குத் தன்மேலேயே வெட்கமாக இருந்தது.

"அக்கா, அந்தப் பொண்ணு நம்பர் இருக்கு. போயி நேர்ல பேசிட்டு வாறேன்."

"மொதல்ல நிர்வாகி கணக்குல இருந்து வெளிய வா. அழுதுகிட்டு அதுல உக்காரக் கூடாது" என்றாள் ஷாமலா.

பிற்பகல் சதீஸின் மோட்டார் சைக்கிளில் இருவரும் கெலிஓயாவில் அந்த மணப்பெண்ணின் வீட்டுக்குப் போனார்கள். சதீஸ் தெல்தோட்டையில் கணக்கு வாத்தியார். வழியெல்லாம் "மண்டபம் இல்லாட்டி எங்க ஸ்கூல் ஹோல் இருக்கு" என்று தைரியம் சொல்லிக்கொண்டே வந்தான். அந்த ஹோலின் கூரை ஒழுகும் என்பதை அவனே பலதடவை சொல்லியிருப்பதால் அவளுக்குத் தைரியம் வரவில்லை.

மணப்பெண் ருக்கியா கதவைத் திறந்தாள். கையில் ஒரு பக்கம் மட்டும் மருதோன்றி வைத்துப் பார்த்திருந்தாள். அவளுடைய வாப்பா அஷ்பாக் சக்கர நாற்காலியில் முன்னறையில் இருந்தார். இரண்டு பதிவும் மோதுவதை விளக்கிவிட்டுக் கிருஷாந்தி ஒளிக்காமல் சொன்னாள்.

"பிழை என்னோடது, அங்கிள். நான்தான் அந்த அட்டவணைய செஞ்சது. நீங்கதான் மொதல்ல பதிஞ்சிருக்கீங்க. மண்டபம் ஒங்களுக்குத்தான். ஒரு வழி இருந்தா கேட்டுப் பாக்கலாம்னு வந்தோம்."

அஷ்பாக் தாடியைத் தடவினார். "வந்து சென்னதே பெரிய விசயம் மகள். இரிங்கோ. ருக்கியா, டீ கொண்டு வாங்கோ." பிறகு கேட்டார், "சனிக்கிழம நாலு மணிக்கு வந்து ஒங்கட ஆக்கள் என்னா செய்ற?"

"காய் வெட்டணும், தேங்கா திருவணும், பலகாரம் சுடணும். எல்லாம் குசினிலதான். ராத்திரிக்குத்தான் மணவறை கட்டுவாங்க."

"குசினி எங்களுக்கு எதுக்கு?" என்று உள்ளேயிருந்து ருக்கியா குரல் கொடுத்தாள். "புரியாணி எங்கட பெரியப்பாட தோட்டத்துல ஆக்கி லொறில வருது. நாங்க அங்க அடுப்பே பத்த வைக்க இல்ல."

"அஞ்சு மணிக்குத் தொடங்கினா ஒம்பதுக்கு எங்கட ஆக்கள் போயிருவாங்க" என்றார் அஷ்பாக். "பத்து மணி வரைக்கும்டு கணபதி ஐயாவாப் போட்டுக்கொண்டது."

கிருஷாந்தி துள்ளி எழுந்தாள். டீக் கோப்பை தப்பியது சதீஸின் புண்ணியம். மூன்று வருடமாக அவளுடைய அட்டவணையில் மலர் மண்டபம் ஒரே இடம். உண்மையில் அது ஒரே இடமா? குசினிக்குப் பின்னாலே தனிக் கதவு, தனிச் சாவி, நடுவில் முற்றம்! கணபதி ஐயாவுக்கு எடுத்தாள்.

"ஐயா, குசினிய மட்டும் தனியாக் குடுக்கலாமா?"

"ஏன் குடுக்கக் கூடாது? எத்தனையோ தடவ குடுத்திருக்கேன்."

"இத ஏன் எங்கிட்ட சொல்லல?"

"நீ கேக்கவே இல்லியேம்மா."

இனி அவரை வைத்து ஒரு முழுநாள் உட்கார்ந்து எல்லாவற்றையும் எழுதிக்கொள்வது என்று கிருஷாந்தி முடிவுகட்டினாள். பையிலிருந்து மடிக்கணினியை எடுத்து, ருக்கியாவின் சாப்பாட்டு மேசையில் வைத்து, போன் டேட்டாவில் இணைந்தாள். ஷாமலா போனில் வந்து பேக்கப்பைப் பற்றி மறுபடியும் கேட்டாள். மறுபடியும் எடுத்தாயிற்று.

ஒவ்வொரு பதிவையும் இரண்டு வரியாக்கினாள், மண்டபத்துக்கு ஒன்று, குசினிக்கு ஒன்று. ருக்கியாவுக்குச் சனி பன்னிரண்டிலிருந்து ஒன்பதரைவரை மண்டபம், குசினி வரி இல்லை. தனக்குச் சனி நாலிலிருந்து குசினி, ஒன்பதரையிலிருந்து மண்டபம். இடத்தையும் நேரத்தையும் சேர்த்து, ஒன்றன்மேல் ஒன்று விழக்கூடாது என்று மறுபடியும் கட்டளையை எழுதினாள். முதலில் அஷ்பாக்கைப் பார்த்தாள், பிறகு ருக்கியாவை. இருவரும் தலையாட்டினார்கள். விசையைத் தட்டினாள்.

திரை ஒரு கணம் யோசித்தது. சிவப்பு வரவில்லை. கட்டளை நிறைவேறிவிட்டதாகச் சாதுவாக ஒரு வரி வந்து நின்றது.

"இப்ப அது என்னா செல்லுது?" என்றார் அஷ்பாக்.

"சம்மதம்னு சொல்லுது, அங்கிள்."

"அல்ஹம்துலில்லாஹ்" என்றார் அவர். சதீஸ் அவர் கையைப் பிடித்துக் குலுக்கு குலுக்கென்று குலுக்கினான். ருக்கியா மருதோன்றிக் கையை உயரத் தூக்கிக்கொண்டு மற்றக் கையால் கிருஷாந்தியைக் கட்டிக்கொண்டாள்.

அந்தச் சனிக்கிழமை நலங்கு முடிந்த கையோடு, மஞ்சள் முகத்தோடு, மண்டபத்தை ஒரு தடவை பார்த்துவிட்டு வருகிறேன் என்று அடம்பிடித்துக் கிருஷாந்தி வந்தாள். மணி ஏழு. ஷாமலா கூட வந்தாள். மண்டபத்துக்குள்ளே வலீமா களைகட்டியிருந்தது. மேடையில் ருக்கியாவும் மாப்பிள்ளை பஹ்மியும் படத்துக்குச் சிரித்துக்கொண்டிருந்தார்கள், பக்கத்தில் புதுச் சட்டையில் அஷ்பாக். கிருஷாந்தி தொந்தரவு செய்யாமல் பின்பக்கமாகக் குசினிக்குப் போனாள்.

குசினி வாசலில் நின்றுவிட்டாள். உள்ளே அவளுடைய அம்மாவும் சித்திமாரும் மட்டும் இல்லை. பட்டுப் புடவையும் தங்கமுமாக ருக்கியாவின் உம்மா, சாச்சி, இன்னும் நாலு பெண்கள் தரையில் பலகை போட்டு உட்கார்ந்து போஞ்சிக்காய் நறுக்கிக்கொண்டிருந்தார்கள். மண்டபத்தில் எங்கள் பிள்ளைகள் கூத்தடிக்கும்போது நீங்கள் ஆறு பேர் மட்டும் எப்படி இவ்வளவு காயையும் வெட்டுவீர்கள் என்று கேட்டு, தாங்களாகவே வந்து கத்தியை எடுத்துக்கொண்டார்களாம். அம்மா யாருக்கோ போஞ்சியை இன்னும் பொடியாக நறுக்கச் சொல்லித் திருத்திக்கொண்டிருந்தாள். அந்த யாரோ ருக்கியாவின் உம்மா.

ஷாமலா கிருஷாந்தியின் தோளில் கை வைத்தாள். "அடியே, ரெண்டு கல்யாணமும் ஒன்னு மேல ஒன்னு விழுந்து கெடக்கு. ஒன் போஸ்ட்கிரெஸ் இத ஏத்துக்குமா?"

"ஏத்துக்காதுக்கா" என்றாள் கிருஷாந்தி. கண்ணில் நீர் வந்தது, துடைக்கவில்லை. மணப்பெண் குசினிக்குள் வரக் கூடாது என்று அம்மா கத்தியதைக் காதில் போட்டுக்கொள்ளாமல், சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு சாச்சிக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து, ஒரு பிடி போஞ்சியைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.